காலி உறைகள்

உட்லண்ட்ஸ், பதினோராவது மாடி, இரவு ஒன்றரை.
புதுக் கணினிக்கு வாயே இல்லை.
வட்டை எங்கே ஊட்டுவது என்று
நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.
கீழ் வீட்டு யோவின் மகள்
ஒரு வெளி டிரைவ் கொடுத்தாள்,
"இதெல்லாம் இன்னுமா அங்கிள்?" என்பதைக்
கேட்காமல் கேட்டபடி.

பெட்டியில் ஒட்டியிருந்த எண்
இருபத்து மூன்று வருடப் புழுக்கத்தில் மங்கியிருந்தது.
கடைசி எழுத்து எட்டா, பி-யா?
எட்டு போட்டேன். மறுத்தது.
பி போட்டேன். உள்ளே விட்டது.

முதலில் கறுப்புத் திரை.
ஆனால் சத்தம் வந்தது:
எங்கோ தண்ணீர் சொட்டியது,
எவனோ பூட்ஸோடு நடந்தான்,
நான் நின்ற இடத்திலேயே செத்துப்போனேன்
யார் சுட்டதென்று தெரியாமல்.

பழைய விண்டோஸ் மாதிரி நடி என்று
கணினியிடம் சொல்ல ஒரு கட்டம் உண்டு.
நடித்தது.
வானம் கத்திரிக்காய் நிறத்தில் வந்தது.
அதைச் சரிசெய்ய இன்னும் ஒரு மணி.

பிறகு வேகம்.
கால் வைக்குமுன் கதவு திறந்து மூடியது.
லிஃப்ட் என்னைக் கூரையோடு அப்பியது.
காவலர்கள் கொசுவாகப் பறந்தார்கள்.
கணினி என்றால் மூச்சு வாங்கும் என்று நம்பி
எழுதியிருக்கிறார்கள் அன்றைக்கு;
இது மூச்சே விடுவதில்லை.
ஒரு கோப்பைத் திறந்து ஒரு வரி சேர்த்தேன்:
நொடிக்கு அறுபது, அதற்கு மேல் வேண்டாம்.
மூவாயிரத்து இருநூறு வெள்ளிக்கு வாங்கிய வேகத்தை
அதட்டி உட்கார வைத்தேன்.
கதவு திறந்தது. காத்திருந்தது.

போன வெள்ளிக்கிழமைதான்
நிஜத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தேன்.
கடைசி ரிசர்விஸ்ட், இனி கூப்பிடமாட்டார்கள்.
ஆயுதக் கிடங்கின் சன்னலில் கையெழுத்து வாங்கிய பையன்
நான் முதன்முதல் ஒன்றைத் துடைத்தபோது
பிறந்திருக்கவே மாட்டான்.

துப்பாக்கி என்றால் எனக்குச்
சுட்டதைவிடத் துடைத்ததுதான் ஞாபகம்.
காது குடையும் பஞ்சுக் குச்சி, எண்ணெய்,
கிழிந்த பனியன் துண்டு,
"இன்னும் கறுப்பு வருது" என்று
சுண்டு விரலை நீட்டும் சார்ஜண்ட் ரிட்சுவான்.
விளையாட்டில் யாரும் எதையும் துடைப்பதில்லை.
சாக்கடைக்குள் நீந்தி எழுந்தாலும் குழாய் பளபள.

அப்போதெல்லாம் காலி உறைகள்
தரையில் இரண்டு முறை குதித்து
மறைந்துவிடும். மூன்று நொடி ஆயுள்.
பழைய கணினிக்குச் சுமக்கத் தெம்பில்லை.
நான் எழுதிய அந்த ஒரு வரி
வேறு எதையோ தொட்டுவிட்டது போல;
இப்போது மறைவதில்லை.
சுடச் சுட விழுந்து கிடக்கின்றன
படிக்கட்டில், கதவிடுக்கில், செத்தவன் தொப்பிக்குப் பக்கத்தில்.

பிழைதான். திருத்த வழி இருக்கும்.
தேடவில்லை.

ஒருமுறை எங்கள் கம்பெனியில் ஓர் உறை குறைந்தது.
மழை. எண்பது பேர் முழங்காலிட்டு
லாலாங் புல்லை விரலால் வகிர்ந்தோம்,
பேன் பார்ப்பதுபோல.
இருட்டியபின் ஹெங் சியோங் மெல்ல எழுந்தான்:
அவன் காலர் மடிப்பிலேயே இருந்திருக்கிறது.
யாரும் அடிக்கவில்லை. அவ்வளவு பசி.
இன்றைக்கும் அவனை எங்கே பார்த்தாலும்
முதலில் காலரைத் தூக்கிப் பார்க்கிறோம்.

வாசுகி தண்ணீர்ப் போத்தலோடு வந்து நின்றாள்.
"ஜெயிச்சாச்சா?"
"மொத அறைதான்."
"அப்புறம் ஏன் தரையையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

காவலர்கள் எல்லாரும் விழுந்தாகிவிட்டது.
வெளியேறும் கதவில் பச்சை விளக்கு எரிகிறது.
கண்ட்ரோல் விசையை அழுத்திக் குனிந்து
சுவரோரமாக நகர்கிறேன்.
முப்பது சுட்டிருக்கிறேன்; திரையின் மூலையில் கணக்கு.
இருபத்தேழு, இருபத்தெட்டு,
மேசைக்கு அடியில் ஒன்று, இருபத்தொன்பது.

தோட்டா இல்லை, காலி உறை இல்லை, சார்
என்று கைகளை விரித்துச் சொல்லாமல்
இந்த அறையை விட்டு
எப்படிப் போவது?